சி.என்.ஏ. வேலைக்கு வரும் நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு

தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து அமெரிக்கா வந்து இறங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது: "எக்கா, ஊர்ல ஆஸ்பத்திரியில நாலு வருஷம் வேல பாத்திருக்கேன், அது போதாதா?" போதாது மக்ளே. வேலை அனுமதி கைக்கு வந்ததும் சி.என்.ஏ. (சர்டிஃபைடு நர்சிங் அசிஸ்டன்ட், அதாவது நர்ஸுக்குக் கீழே நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளர்) சான்றிதழை எடுத்துவிடுங்கள்.

பயிற்சி நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மத்திய அரசின் குறைந்தபட்சம் 75 மணி நேரம். டெக்சாஸில் 100, கலிபோர்னியாவில் 160. காசு கட்டும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மெடிக்கேர், மெடிக்கெய்ட் என்னும் அரசுக் காப்பீட்டுப் பணம் வாங்கும் நர்சிங் ஹோம் (இங்கே அது முதியோர் பராமரிப்பு இல்லம்) உங்களை வேலைக்கு எடுத்திருந்தால், அல்லது எடுப்பதாகச் சொல்லியிருந்தால், பயிற்சிக்கும் தேர்வுக்கும் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நீங்களே கட்டிப் படித்தாலும், முடித்த 12 மாதத்துக்குள் அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

எழுத்துத் தேர்வைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. நம்மைக் கவிழ்ப்பது செய்முறைத் தேர்வு. நான் முதல் தடவை தோற்றவள். ஒரு பக்கம் வாதம் வந்தவருக்குச் சட்டை மாற்றச் சொன்னார்கள். கழற்றும்போது நல்ல கை முதலில், மாட்டும்போது விழுந்த கை முதலில். அதில் பிழை இல்லை. ஆனால் ஊர்ப் பழக்கத்தில் வாயே திறக்காமல் கடகடவென்று முடித்தேன். கதவைத் தட்டவில்லை, பெயர் சொல்லவில்லை, திரையை இழுக்கவில்லை. அழைப்பு மணி அவர் கைக்கு எட்டாமல் தலையணைக்குப் பின்னால் கிடந்தது. நம்மூர் வார்டில் சொந்தக்காரர் நாலு பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், மணி எதற்கு? இங்கே அந்த மனுஷருக்கு அந்த மணிதான் துணை. வீட்டில் பிள்ளையையோ மாப்பிள்ளையையோ படுக்க வைத்து, "இப்ப உங்க கையத் தூக்கப் போறேன்" என்று ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சான்றிதழ் வந்தபின் அசந்துவிடாதீர்கள். பிரசவம், ஊர்ப்பயணம் என்று தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலை பார்க்காமல் இருந்தால் மறுபடி பயிற்சியும் தேர்வும், குறைந்தது தேர்வாவது, முடித்தாக வேண்டும். வேலை பார்க்கும் நர்சிங் ஹோமில் ஆண்டுக்குக் குறைந்தது 12 மணி நேரப் பயிற்சி தந்தாக வேண்டும். அதில் மறதி நோயாளிகளைப் பார்க்கும் வகுப்பில் தூங்காதீர்கள், அன்றாடம் அடிவாங்குவதும் கடிவாங்குவதும் அந்த நோயாளிகளிடம்தான்.

அடுத்த படி? முதியோர் இல்லத்திலேயே இருப்பதானால் மெடிக்கேஷன் எய்ட், அதாவது மருந்து கொடுக்கும் உதவியாளர். டெக்சாஸில் அது 140 மணி நேரப் படிப்பு. ஆஸ்பத்திரிக்குள் போக ஆசையென்றால் ரத்தம் எடுக்கவும் ஈ.சி.ஜி. பிடிக்கவும் படித்து பேஷண்ட் கேர் டெக்னீஷியன் ஆகலாம். என்னைக் கேட்டால், கிடைத்த சான்றிதழையெல்லாம் சேர்ப்பது வீண்செலவு. இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள்.

ஊரில் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் இதிலேயே தங்கிவிடாதீர்கள். உங்கள் வழி என்கிளெக்ஸ், அதாவது இங்கே நர்ஸ் உரிமம் வாங்க எழுதும் தேர்வு. மதிப்பெண் பட்டியல் கல்லூரியிலிருந்தும், பதிவுச் சான்று சென்னையிலுள்ள நர்சிங் கவுன்சிலிலிருந்தும் நேரடியாகச் சரிபார்ப்பவர்களுக்குப் போக வேண்டும். இங்கிருந்து போன் போட்டால் நகராது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறிப் போய் நின்று அனுப்ப வைக்க ஓர் அண்ணனையோ மாமாவையோ இப்போதே சொல்லி வையுங்கள்.