சிங்கப்பூர் – நியூயார்க்: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

நான் புவியியல் ஆசிரியராக இருந்தவன். அதனால் நியூயார்க்கில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள், "சார், எவ்வளவு தூரம், எப்போது போய்ச் சேருவோம்?" என்று என்னிடம் கேட்பார்கள். விடையைவிடக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கவே எனக்கு விருப்பம்.

முதலில் சுவர் வரைபடத்தை விட்டுவிடுங்கள். அதில் ஸ்கேல் வைத்துப் போடும் நேர்கோடு குறுகிய வழி அல்ல. உலக உருண்டையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் இருக்கும் இடத்தில் நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே மேலேறி, வட துருவத்தை ஒட்டிப் போய் இறங்கும். தீர்க்கரேகையில் சாங்கி கிழக்கே 104 பாகை, நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் மேற்கே 74 பாகை, கூட்டினால் 178. அரைச்சுற்றான 180க்கு மிக அருகில், அதாவது குறுகிய வழி ஏறக்குறைய துருவத்தின் மேலேயே போகிறது.

அதனால் இங்கே மனக்கணக்கே போதும். சாங்கி நிலநடுக்கோட்டுக்கு 1.4 பாகை வடக்கில் இருக்கிறது. துருவத்துக்கு இன்னும் 88.6 பாகை. ஜே.எஃப்.கே. 40.6 பாகையில், துருவத்திலிருந்து 49.4. மொத்தம் 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 15,318. கணினி சொல்வது சுமார் 15,350. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது! வேறு ஊர்களுக்கு நூலையே அளவுகோலாக்குங்கள்: உருண்டையின் நிலநடுக்கோட்டை ஒரு சுற்றுச் சுற்றும் நூல் 40,000 கிலோமீட்டர்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம். ஆனால் கால அட்டவணையில் பதினெட்டரைக்கு மேல் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேரும். காற்றும் உண்டு. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் முதுகில் தள்ளினால், பசிபிக் வழியாகச் சுற்றிப் போவதே விரைவாக முடியும்.

அடுத்தது கடிகாரம். பலர் தடுமாறும் இடம் இதுதான். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காதீர்கள். புறப்படும் நேரத்தை முதலில் சேரும் ஊரின் நேரமாக மாற்றுங்கள், பிறகு பயண நேரத்தைக் கூட்டுங்கள். குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்னால்; மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12.

ஜனவரியில் சனிக்கிழமை 00:10க்கு விமானம், பயணம் 18 மணி 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நியூயார்க்கில் வெள்ளி காலை 11:10. கூட்டினால் சனி காலை 5:50. அழைத்துப்போக வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியது இந்த நேரத்தை. நீங்கள் சாங்கிக்குப் போக வேண்டியதோ வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு. சனி இரவு போய் நின்றால் விமானம் அன்று நள்ளிரவு தாண்டியதுமே போயிருக்கும்.