பெற்றவளுக்கு ஒரு கைதான் மிச்சம்

பிள்ளை பிறந்த வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோருடைய கண்ணும் தொட்டிலுக்குப் போகும். என் கண் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மேசைக்குப் போகும். அங்கே தண்ணீர் இருக்கிறதா, தின்ன ஏதாவது மூடி வைத்திருக்கிறதா, அது அவள் கைக்கு எட்டுமா என்று பார்ப்பேன். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த பழக்கம். வேலையை விட்ட பிறகும் சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் "நீ வந்து கூட இரேன்" என்று கூப்பிடுகிறார்கள், நானும் போகிறேன். அப்படிக் கூட இருக்கப் போகிறவர்களுக்குத்தான் இது: கணவர், அம்மா, மாமியார், அக்கா, தோழி யாராக இருந்தாலும் சரி. பெற்றவள் இதைப் படிக்க வேண்டாம், அந்த நேரத்தில் தூங்கட்டும்.

முதல் சில வாரங்களில் பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் அரை மணி, முக்கால் மணி என்று இழுக்கும். இடது பக்கம் கொடுக்கும்போது இடது கை பிள்ளையின் கழுத்துக்கும் முதுகுக்கும் அடியில் போய்விடும், வலது கை மட்டும் மிச்சம். பக்கம் மாற்றினால் கையும் மாறும். அதனால் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் வைக்காதீர்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாட்டில், ஒரு கையால் திறக்கக்கூடிய மூடியோடு, முடிந்தால் உறிஞ்சுகுழலோடு. பால் இறங்கத் தொடங்கிய உடனே பல பேருக்கு நாக்கு வறண்டு அப்படி ஒரு தாகம் எடுக்கும். அந்த நேரத்தில் பாட்டில் எட்டாத தூரத்தில் இருந்தால் அவள் யாரையும் கூப்பிட மாட்டாள், பேசாமல் தாகத்தோடு உட்கார்ந்திருப்பாள். இதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

அதற்காக லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்லி விரட்டவும் வேண்டாம். தாகத்துக்குக் குடித்தால் போதும், கூடுதலாகக் குடிப்பதால் பால் கூடுவதில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரியான அளவு. அடர்ந்த மஞ்சளாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பால் கொடுக்கும் உடம்புக்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 முதல் 500 கலோரி கூடுதலாக வேண்டும். "ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்பது மிகை. வழக்கமான மூன்று வேளையோடு நடுவில் இரண்டு நல்ல சிற்றுண்டி இருந்தால் கணக்கு சரியாகிவிடும். தட்டைப் பார்க்கும்போது நான் ஒன்றைத்தான் தேடுவேன், புரதம் எங்கே என்று. முட்டை, மீன், கறி, பருப்பு, பயறு, தயிர், கொட்டைகள், இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். கூடவே காயும் பழமும் கீரையும். வெறும் சோறும் வெறும் ரொட்டியும் வயிற்றை அடைத்துவிடும், தையல் போட்ட இடம் ஆற அது மட்டும் போதாது.

அப்புறம், வடிவம். எத்தனை சத்தான சாப்பாடாக இருந்தாலும் இரண்டு கையால் பிய்த்து, முள் எடுத்து, எலும்பு கடித்துச் சாப்பிடுவதாக இருந்தால் அது ஆறி வீணாகும். முட்டையை வேகவைத்து உரித்து இரண்டாக வெட்டி வையுங்கள். பழத்தைத் தோல் சீவித் துண்டாக்கி வையுங்கள். மீனில் முள்ளை நீங்களே எடுத்துவிடுங்கள். கொட்டைகளையும் உலர்ந்த பழங்களையும் சின்ன டப்பாவில் போட்டு அந்த மேசையிலேயே வையுங்கள், நடுராத்திரிப் பசிக்கு அதுதான் கை கொடுக்கும். பிள்ளை மடியில் இருக்கும்போது கொதிக்கக் கொதிக்க சூப்பை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை ஒரு உதறு உதறினால் போதும், சூடு இரண்டு பேர் மேலும் கொட்டும்.

எல்லா வீட்டிலும் வரிசை தலைகீழாகத்தான் நடக்கிறது. பிள்ளை பால் குடித்து முடித்ததும் "நீ வெச்சிரு, நான் சமையலப் பாக்குறேன்" என்று போய்விடுகிறார்கள். பால் குடித்து முடித்த நிமிடமே பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்பம் விட வைப்பதும் டயப்பர் மாற்றுவதும் உங்கள் வேலை. சூடான தட்டு அந்த நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். அந்த இருபது நிமிடம்தான் அவளுக்கு இரண்டு கையும் கிடைக்கும் நேரம். இன்னொன்று, "என்ன சமைக்கட்டும்?" என்று அவளைக் கேட்காதீர்கள். தூக்கம் கெட்ட தலைக்கு அதுவும் ஒரு வேலைதான். ரொம்பவும் கேட்க வேண்டுமென்றால் "முட்டையா, பருப்பா?" என்று கேளுங்கள். ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடும்.

எதைச் சாப்பிட்டால் பால் ஊறும் என்று வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவளுக்குப் பிடித்திருந்தால் சாப்பிடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் பால் ஊறுவது பெரும்பாலும் பிள்ளை எத்தனை தடவை, எவ்வளவு நன்றாக உறிஞ்சி எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. முதலில் வருவது கொஞ்சமாக, கெட்டியாக வரும் சீம்பால். பால் பெருகுவதற்கு 2 முதல் 5 நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் யாராவது "பால் பத்தல போல" என்பார்கள். அந்தச் சொல்லை அவள் காதில் விழும்படி சொல்லவே சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் டயப்பரை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு 6 தடவையாவது நனைந்தால் பெரும்பாலும் பால் போதுகிறது என்று அர்த்தம். பிறந்தபோது இருந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். காம்பு வெடித்து, ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறாள் என்றால் அது பிள்ளை வாய் வைக்கும் விதத்தில் உள்ள கோளாறாக இருக்கலாம். சாப்பாட்டை மாற்றிப் பயனில்லை, நர்ஸிடமோ தாய்ப்பால் ஆலோசகரிடமோ காட்டுங்கள். புட்டிப்பால் கொடுக்கிறவளுக்கும் இதே தட்டு, இதே தூக்கம் வேண்டும். பிள்ளை பெற்ற உடம்புதானே அதுவும்.

தின்னக்கூடாது என்று நீட்டப்படும் பட்டியலில் பாதிக்கு மேல் தேவையில்லாதது. அவள் வயிற்றில் சேரும் வாயு பாலில் இறங்காது. மதுவும் புகையும் வேண்டாம். பாதரசம் சேரும் சுறா மாதிரி பெரிய மீன்களைத் தவிர்க்கலாம். காபி இரண்டு கோப்பையோடு நிற்கட்டும். மாத்திரை எதுவானாலும் பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். தேன் அவள் சாப்பிடலாம், பிள்ளை நாக்கில் மட்டும் தடவாதீர்கள். ஒரு வயது வரை அது ஆபத்து.

பிரசவத்தில் இழந்த ரத்தத்தை ஈடுகட்ட இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருப்பார்கள். ரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரம் வரை கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்கு வந்த பிறகு மறந்துபோவது இதுதான், ஞாபகப்படுத்துவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி புளிப்புப் பழத்தோடு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். டீ, காபி குடிப்பதற்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள், கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையால்தான்.

அந்த மாத்திரை மலச்சிக்கலையும் கூட்டும். வார்டில் வலியைப் பற்றி வாய் திறந்து சொல்கிறவர்கள்கூட இதை மட்டும் சொல்ல மாட்டார்கள். முதல் தடவை மலம் போக 2, 3 நாள் ஆகலாம். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் அடக்கிக்கொண்டே இருப்பாள், அடக்க அடக்க இறுகும். சாதாரணமாகப் போவதால் தையல் பிரியாது என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டும். கழிவறையில் காலுக்கு ஒரு சின்ன முக்காலி போடுங்கள், முட்டி இடுப்புக்கு மேலே உயர்ந்தால் சுலபம். சுத்தமான பேட் ஒன்றைத் தையல் மேல் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் தைரியம் வரும். அப்புறமும் முடியவில்லையென்றால் மலம் இளக மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

சிசேரியன் ஆனவள் இருமும்போதும் சிரிக்கும்போதும் வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளட்டும். எழுந்திருக்கும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். பிள்ளையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. தொட்டிலில் குனிந்து பிள்ளையை எடுப்பதும் உங்கள் வேலை. ஆனால் படுத்தே கிடக்க விடாதீர்கள். மெல்ல நடப்பது காலில் ரத்தம் உறையாமல் காக்கும்.

இரவில் அவள் செய்ய வேண்டியது பால் கொடுப்பது மட்டும். பிள்ளையை எடுத்து, டயப்பர் மாற்றி, அவளிடம் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிப் படுக்க வைக்க இன்னொருவர் இருக்கட்டும். மங்கலான விளக்கு போதும். சாயங்காலத்துப் பாலுக்குப் பிறகு அவளை உடனே தூங்க அனுப்பிவிட்டு நீங்கள் கொஞ்ச நேரம் பிள்ளையோடு உட்கார்ந்தால், ராத்திரியைக் கொஞ்சம் தெம்போடு தொடங்குவாள். பார்க்க வருகிறவர்களிடம் பாத்திரம் கழுவக் கொடுத்துவிடுங்கள். மூத்த பிள்ளை இருந்தால் அதை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மூன்றாம், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுவாள். பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான், இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். அதையும் தாண்டி நீண்டால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், தட்டு அப்படியே திரும்பி வந்தால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். பிள்ளை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல், முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்தும் பேச்சும் கேட்கும் நோய் இது. பிள்ளையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து "நீ எப்படி இருக்க?" என்று கேளுங்கள். எடுத்த எடுப்பில் பதில் வராது, கொஞ்ச நேரம் கூடவே உட்காருங்கள்.

இவற்றுக்கு மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, முட்டை அளவுக்கு மேல் ரத்தக் கட்டிகள், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, விடாத தலைவலியும் கண் மங்கலும், மூச்சு முட்டல், நெஞ்சு வலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும், தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம். ரத்த அழுத்தக் கோளாறு பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரைகூட வரலாம் என்பதால் தலைவலியைத் தூக்கமின்மை என்று ஒதுக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி முதல் நாள், 2 முதல் 3 நாளுக்குள், 7 முதல் 14 நாளுக்குள், ஆறாவது வாரம் என்று தாயைப் பரிசோதிக்க வேண்டும். ஆறாவது வாரத்துக்குள் உதவிக்கு வந்தவர்கள் கிளம்பிப் போயிருப்பார்கள், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக நிற்பாள். அன்றைக்கு நீங்கள் கூடப் போங்கள். அதற்கு முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: தையல் இன்னும் வலிக்கிறதா, இருமும்போது சிறுநீர் கசிகிறதா, தூக்கம், மனசு எப்படி, அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட என்ன வழி, மாத்திரை இன்னும் எத்தனை நாள். டாக்டரின் அறைக்குள் அவள் பேசட்டும், பிள்ளையோடு நீங்கள் வெளியே இருங்கள்.