மழைக்கு மாறும் மோடம்: ரிடண்டன்சி ஸ்விட்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முக்கியமான சாட்டிலைட் லிங்குக்கு இரண்டு மோடம் வைப்பார்கள். ஒன்று ஆன்லைனில் ஓடும், மற்றது ஸ்டாண்ட்பையில் காத்திருக்கும். ஓடுவது பழுதானால் ரிடண்டன்சி ஸ்விட்ச் மற்றதற்கு மாற்றிவிடும். ஆனால் எந்தப் பழுதுக்கு மாற வேண்டும் என்று அதற்கு நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

பவர் சப்ளை போன்ற உள்பழுதுக்கு உடனே மாறட்டும். சிக்கல் எல்லாம் ரிசீவ் அலாரத்தில், அதாவது வரும் சிக்னலைப் பிடிக்க முடியவில்லை என்று மோடம் எழுப்பும் அலாரத்தில். சாட்டிலைட் அலைவரிசைகளில் ஒன்றான கேயூ பேண்டில் கனமழை பிடித்தால் சிக்னல் இறங்கி மோடம் லாக்கை, அதாவது சிக்னல் மீதான பிடியை, விட்டுவிடும். இரண்டு மோடமும் டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் ஒரே எல்.என்.பி.யிலிருந்து, அதைப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர் வழியாக அதே சிக்னலைத்தான் வாங்குகின்றன. ஒன்றுக்கு எட்டாதது மற்றதற்கும் எட்டாது. அப்புறம் மாறி என்ன பயன்? மார்ச் வாக்கிலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்குகிற அந்தச் சில நிமிடங்களும் இப்படித்தான்.

மாறுவதால் கெடுதலும் உண்டு. நம் பக்கம் மோடம் மாறும்போது நாம் அனுப்பும் கேரியர் (டேட்டாவைச் சுமக்கும் அலை) அறுந்து புதிதாகத் தொடங்கும். எதிர்முனை அதை மறுபடி பிடிக்க வேண்டும். டேட்டா ரேட் குறைவாக இருந்தால் அதற்கு இன்னும் நேரமாகும். அதற்குள் அங்குள்ள ஸ்விட்சும் லாக் போய்விட்டதென்று மாறினால் நமக்கு வரும் கேரியர் அறுபடும். மழை விட்ட பிறகும் இரண்டு முனையும் மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கும். எனவே ரிசீவ் அலாரத்தில் மாறத்தான் வேண்டுமென்றால், எதிர்முனை மோடம் மாறி நாம் லாக் பிடிக்க ஆகும் நேரத்தை அளந்து, அதைவிடக் கூடுதலாக ஹோல்ட்-ஆஃப், அதாவது மாறுமுன் காத்திருக்கும் நேரம், வையுங்கள். ஸ்டாண்ட்பை லாக்கில் இருந்தால் மட்டுமே மாறும்படியும் அமையுங்கள்.

அடுத்தது, ஸ்டாண்ட்பையை மறந்துவிடுவது. ஆன்லைன் மோடத்தில் ஃப்ரீக்வென்சியையோ எஃப்.இ.சி.யையோ (பிழைதிருத்தக் குறியீட்டின் அமைப்பு) மாற்றியவர், அது மற்றதற்கும் போனதா என்று பார்ப்பதில்லை. டிரான்ஸ்மிட் பவரில் மோடம் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கேபிளும் ரிலேயும் இரு பாதையிலும் ஒரே அளவு இழக்காது. ஸ்விட்சின் வெளிவாயிலில் சிக்னலின் அளவைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்து இரண்டையும் அளந்து சரிசெய்யுங்கள். கூடுதல் பவரோடு போகும் கேரியர் பக்கத்துக் கேரியர்களைக் கெடுக்கும்.

மோடத்தின் பழுதை ஸ்விட்சுக்குச் சொல்லும் அலாரம் ரிலேயைத் தலைகீழாக இணைப்பதும் நடக்கிறது. நல்ல நிலையில் ரிலேக்கு மின்சாரம் ஓட வேண்டும், பழுதில் நிற்க வேண்டும். மாற்றி இணைத்தால், மின்சாரமே போய்ச் செத்த மோடம் ஸ்விட்சின் கண்ணுக்கு நலமாகத் தெரியும். இரண்டு மோடத்தையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் மாட்டியிருந்தால், அது பழுதாகும்போது ஸ்விட்சால் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக, பராமரிப்புக்காக மேனுவலில் போட்ட ஸ்விட்சைத் திரும்ப ஆட்டோவுக்குக் கொண்டுவராமல் போய்விடுவது. லிங்க் ஓடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் ஆட்டோவில் போட்டு, சொல்லிவைத்த நேரத்தில் ஆன்லைன் மோடத்தின் பவரை அணைத்துப் பாருங்கள். ஸ்டாண்ட்பை எடுத்துக்கொள்கிறதா, எதிர்முனை எத்தனை நொடியில் லாக் பிடிக்கிறது என்று குறித்துவைத்த பிறகு அறையைப் பூட்டுங்கள்.