பழத்தையே பனிக்கட்டியாக்குவோம்: கோடைக்கு வீட்டில் செய்யும் உறைபழப் பானம்

மே மாதம் பிறந்து கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், மாம்பழச் சாற்றில் நான்கு ஐஸ் கட்டிகளைப் போட்டுக் குடிப்பது எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். முதல் இரண்டு மடக்கு நன்றாக இருக்கும். ஐஸ் கரையக் கரையச் சுவை நீர்த்துப்போய், கடைசியில் டம்ளரின் அடியில் மாம்பழ வாசனை மட்டும் கொண்ட சர்க்கரைத் தண்ணீரே எஞ்சும். இதைத் தவிர்க்க ஐஸைக் கைவிட்டுப் பழத்தையே உறைய வைத்து அரைக்க வேண்டும். அப்போது குளிர்ச்சியும் கெட்டித்தன்மையும் பழத்திலிருந்தே கிடைக்கும். பானம் கரைந்தாலும் பழச்சாறாகவே கரையும். இதுவரை இதைச் செய்து பார்க்காதவர்களை மனத்தில் வைத்து, மாம்பழத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதுகிறேன்.

பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

நார் குறைந்த, நன்கு கனிந்த பழம் வேண்டும். பங்கனப்பள்ளி இதற்கு மிகவும் பொருத்தமானது. சதைப்பற்று மிகுதி, நார் குறைவு, சித்திரை மாதத்தில் எல்லாச் சந்தைகளிலும் கிடைக்கும். நார் மிகுந்த பழங்களை அரைத்தால் இழைகள் மிக்சியின் பிளேடில் சுற்றிக்கொள்ளும். பழத்தின் நிறத்தை நம்பி வாங்காமல் காம்புப் பக்கத்தை முகர்ந்து பாருங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருந்தாலும், தோல் மஞ்சளாகவும் உள்ளே வெளிறிப் புளிப்பாகவும் இருக்கும் பழங்கள் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. உறைய வைப்பதால் காய் கனியாகாது. வாங்கிய அன்று இல்லாத இனிப்பு ஃப்ரீசரில் வந்து சேராது.

நறுக்கி உறைய வைத்தல்

அரைக் கிலோ எடையுள்ள ஒரு பெரிய பழத்தில் தோலும் கொட்டையும் போக ஏறக்குறைய 300 கிராம் சதை கிடைக்கும். இது இரண்டு பேருக்குப் போதும். சதையை ஓர் அங்குலத்துக்கு மேற்படாத துண்டுகளாக நறுக்குங்கள். ஓர் எவர்சில்வர் தட்டில் வெண்ணெய்த் தாளோ சுத்தமான பாலிதீன் தாளோ விரித்து, துண்டுகள் ஒன்றையொன்று தொடாதவாறு ஒரே அடுக்காகப் பரப்பி, ஆறு மணி நேரமாவது ஃப்ரீசரில் வையுங்கள். ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஃப்ரீசரின் குளிர் குறைவாக இருக்கும் என்பதால், இரவு முழுவதும் வைத்துவிடுவது நல்லது.

பரப்பி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழம் மெதுவாக உறையும்போது அதிலுள்ள நீர் பெரிய பனிப்படிகங்களாக வளர்ந்து சதையைக் கிழித்துவிடும். சிறு துண்டுகளாகப் பரப்பினால் விரைவில் உறைந்து, படிகங்களும் சிறியவையாக அமையும். முதல் முறை நான் ஒரு டப்பாவை நிரப்பி அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். மறுநாள் அது ஒரே பாறையாக இறுகியிருந்தது. குழவியால் தட்டிப் பெரிய துண்டுகளாக மிக்சியில் போட்டேன். சில நொடிகளில் மோட்டார் நின்றுவிட்டது. மிக்சியின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தான் அன்றுதான் எனக்கு அறிமுகமானது. மோட்டாரின் மேல் சுமை கூடும்போது மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டார் எரிந்துவிடாமல் காப்பாற்றுவது அதுதான். உங்களுக்கும் அப்படி நின்றால், பிளக்கைக் கழற்றி, ஜாரைக் காலி செய்து, சிறிது நேரம் ஆறவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.

உறைந்த துண்டுகளை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். நீண்ட மின்வெட்டில் துண்டுகள் முழுவதும் இளகிவிட்டால் மீண்டும் உறைய வைக்க வேண்டாம். அன்றே அரைத்துக் குடித்துவிடுங்கள்.

அரைத்தல்

ஒட்டுமொத்தச் செய்முறையில் பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த துண்டுகளை ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். மேற்பரப்பில் படிந்த வெண்ணிறப் பனி மங்கி, விரலால் அழுத்தினால் ஓரம் மட்டும் சற்றே நெகிழ வேண்டும். மாம்பழத்தில் இருக்கும் சர்க்கரையால் அதன் நீர் 0 டிகிரிக்குக் கீழே சென்ற பிறகே உறையத் தொடங்குகிறது. அதனால் அது வெறும் ஐஸைப் போல இறுகாமல் விரைவாக இளகிக்கொடுக்கும்.

ஜாரில் முதலில் 100 மில்லி குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். தண்ணீருக்குப் பதில் கடைந்த தயிரோ இளநீரோ சேர்க்கலாம். அதன் மேல் 300 கிராம் உறைந்த துண்டுகள், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. திரவம் அடியில் இருந்தால்தான் பிளேடு சுழன்று துண்டுகளைக் கீழே இழுக்கும். ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

உடனே வேகமாக ஓட்டக் கூடாது. மிக்சியின் குமிழை இடப்பக்கம் திருப்பி, ஒரு நொடி ஓட்டி ஒரு நொடி விட்டு, எட்டுப் பத்து முறை செய்யுங்கள். தொடக்கத்தில் கூழாங்கற்களைக் குலுக்குவது போல் கடகடவென்ற சத்தம் வரும். துண்டுகள் நொறுங்க நொறுங்க அது தணிந்து கனத்த சத்தமாக மாறும். சில நேரம் திடீரென்று சத்தம் லேசாகி, பிளேடு மட்டும் வெறுமனே சுற்றும். பிளேடைச் சுற்றிக் காற்று தங்கி, பழம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அப்போது நிறுத்தி, கரண்டியால் பக்கங்களை வழித்துவிட்டு, இரண்டு கரண்டி நீர் மட்டும் சேருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு அரை டம்ளர் தண்ணீரை ஊற்றினால், உறைய வைத்த உழைப்பெல்லாம் வீணாகிச் சாதாரண ஜூஸ்தான் கிடைக்கும். கரகரப்பு மறைந்த பின் நடு வேகத்தில் அரை நிமிடம் ஓட்டினால் போதும். அதற்கு மேல் ஓட்டினால் உராய்வுச் சூட்டிலேயே பானம் இளகத் தொடங்கிவிடும்.

குளிர்ச்சி நாக்கின் இனிப்புணர்வைக் குறைத்துவிடும். ஆகவே அறை வெப்பத்தில் அளவாகத் தோன்றும் இனிப்பு, உறைந்த நிலையில் போதாததாகத் தெரியும். அரைத்த பிறகு ஒரு கரண்டி சுவைத்துப் பார்த்து அதன்படி கூட்டிக்கொள்ளுங்கள்.

தர்பூசணி, பன்னீர் திராட்சை

தர்பூசணியில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான் என்பதால், அது மாம்பழம்போல் வழுவழுப்பாக வராமல் மணல்மணலான பனிக்கூழாகவே வரும். அதன் அழகும் அதுதான். விதை நீக்கி உறைய வைத்த துண்டுகளுடன் எலுமிச்சைச் சாறும் நான்கைந்து புதினா இலைகளும் சேர்த்து அரையுங்கள். பழத்திலிருந்தே நீர் விடும் என்பதால், மூன்று கரண்டிக்கு மேல் தண்ணீர் வேண்டாம். வழுவழுப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள் உறைந்த வாழைப்பழத்தில் பாதியைச் சேர்க்கலாம்; எனக்கு அது தர்பூசணியின் மென்மையான வாசனையை அமுக்கிவிடுவதாகத் தோன்றுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சையில் விதை உண்டு. விதையோடு அரைத்தால் துவர்க்கும். அதைச் சிறிது நீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, மசித்து, வடிகட்டி, சர்க்கரை கலந்து ஆறவிட்டு, அகலமான தட்டில் அரை அங்குல உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை முள்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுரண்டிவிட்டால், மூன்று நான்கு மணி நேரத்தில் ஊதா நிறப் பனித்துகள் கிடைக்கும். இதற்கு மிக்சியே தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை

அன்னாசியையும் பப்பாளியையும் பாலோடு அரைத்து வைக்காதீர்கள். அவற்றில் உள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைப்பதால் பானம் கசக்கத் தொடங்கும். உறைய வைப்பதால் அந்த நொதிகள் அழிவதில்லை. நுங்கை உறைய வைத்தால் அதன் மென்மை போய்விடும். அதைப் பொடியாக நறுக்கி, அரைத்த பானத்தின் மேல் கடைசியில் சேர்ப்பதே சரி.

குளிர் கிருமிகளைக் கொல்லாது, அடக்கி மட்டும் வைக்கும். எனவே பழத்தைத் தோலோடு நன்கு கழுவிய பிறகே நறுக்க வேண்டும். சேர்க்கும் நீர் காய்ச்சி ஆறியதாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் சாற்றை விளிம்பு வரை நிரப்பி ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவதால் பாட்டில் வெடித்துவிடும்.

அரைத்த பானத்தை, முன்பே பிரிட்ஜில் வைத்துக் குளிர்வித்த டம்ளர்களில் ஊற்றி உடனே பரிமாறுங்கள். மிஞ்சியதைக் குல்ஃபி அச்சுகளில் முக்கால் அளவு ஊற்றிக் குச்சியைச் செருகி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். மறுநாள் மதியம் எடுக்கும்போது அச்சின் வெளிப்பக்கத்தைச் சில நொடிகள் குழாய்த் தண்ணீரில் காட்டினால், குச்சி ஐஸ் முழுதாகக் கழன்று வரும்.