ஓரத்தில் தள்ளினால் வேகம் குறையுமா? திண்பொருள் சுழற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிலும் பிணைக்கப்படாத ஒரு திண்பொருளை, அதாவது வளையாத, உருமாறாத பொருளை, ஓரத்தில் தட்டினால் அது சுழன்றபடியே நகரும். இங்கே பலரும் சறுக்குவது முதல் வரியிலேயே: "விசையில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடும், மீதிதான் பொருளை நகர்த்தும்." விசை அப்படிப் பங்கு பிரிவதே இல்லை. நிறை மையம் (பொருளின் நிறை முழுவதற்குமான சராசரிப் புள்ளி) எப்படி நகரும் என்பதை மொத்தப் புறவிசை மட்டுமே தீர்மானிக்கிறது: விசை = நிறை × நிறை மையத்தின் முடுக்கம். அது எந்தப் புள்ளியில் பட்டது என்பதற்கு அந்தச் சமன்பாட்டில் இடமே கிடையாது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். 1 மீட்டர் நீளமும் 1.2 கிலோ நிறையும் கொண்ட சீரான கம்பி ஒன்று, உராய்வில்லாத தளத்தில் அசையாமல் கிடக்கிறது. அதன் நீளத்துக்குச் செங்குத்தாக 0.6 நியூட்டன் விநாடி கணத்தாக்கு (விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கியது) தருகிறோம். நடுவில் தட்டினாலும் முனையில் தட்டினாலும் நிறை மையம் விநாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில்தான் போகும். முனையில் தட்டினால் அதோடு விநாடிக்கு 3 ரேடியன் (சுமார் 172 பாகை) சுழற்சியும் சேர்ந்துகொள்கிறது.

அப்படியானால் ஆற்றல் கணக்கு உதைக்கிறதே என்று கேட்பது நியாயம்தான். நடுவில் தட்டும்போது இயக்க ஆற்றல் 0.15 ஜூல், முனையில் தட்டும்போது 0.6 ஜூல், அதாவது நான்கு மடங்கு. அதிகப்படியான ஆற்றலைத் தருவது தட்டும் கைதான். முனை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விலகி ஓடுவதால், அதே கணத்தாக்கைத் தர கை அதிக தூரம் துரத்திச் சென்று தள்ள வேண்டும். முனையில் தட்டும்போது கம்பி கைக்கு 0.3 கிலோ பொருள்போல லேசாகத் தெரியும். ஆகவே ஒரே வேகத்தில் கையை வீசினால் ஓரத்தில் கிடைக்கும் கணத்தாக்கே குறைவு. தவறான உள்ளுணர்வு பிறப்பது இங்கேதான் என்பது என் கணிப்பு. "ஒரே கணத்தாக்கா, ஒரே வீச்சா" என்பதை முதலில் முடிவு செய்யாமல் பதில் சொல்லக் கூடாது.

அடுத்த தவறு, கம்பி மறுமுனையை அச்சாக வைத்துச் சுழலும் என்று நினைப்பது. நம் கம்பியில் மறுமுனை சும்மா இருப்பதில்லை. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வருகிறது. தட்டிய அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கும் புள்ளி, தட்டிய முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் இருக்கிறது. அதையும் நிரந்தர அச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த கணமே அதுவும் நகரத் தொடங்கிவிடும். திருப்பு விசையையும் (விசையின் சுழற்றும் திறன்) நிலைமத் திருப்புத்திறனையும் (சுழற்சி மாற்றத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு) நிறை மையத்தைப் பொறுத்தே எழுதுங்கள், வம்பே இல்லை.

ஒரு கணத் தட்டலுக்கான விடையைத் தொடர்ந்த தள்ளலுக்கு அப்படியே நீட்டுவதும் தவறு. பொருளோடு பொருத்திய உந்துபொறி ஓரத்தில் இயங்கினால், பொருள் திரும்பத் திரும்ப விசையின் திசையும் திரும்பும். நிறை மையத்தின் வேகம் சீராக ஏறாது.

முப்பரிமாணத்துக்குப் போனால் இன்னொரு எச்சரிக்கை: கோண உந்தமும் (சுழற்சிக்கான உந்தம்) கோணத் திசைவேகமும் (சுழலும் வேகமும் அச்சின் திசையும்) எப்போதும் ஒரே திசையில் இருக்க வேண்டியதில்லை. பொருள் உண்மையிலேயே திண்பொருள்தானா என்றும் பார்க்க வேண்டும். 1958-இல் ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோள் தன் நீள அச்சில் சுழலும்படி விடப்பட்டது. வளையக்கூடிய அதன் ஆன்டெனாக்கள் சுழற்சி ஆற்றலைச் சிறிது சிறிதாக விரயமாக்க, கோண உந்தம் மாறாமலே அது தலைகுப்புறப் புரளத் தொடங்கிவிட்டது.