லைனிங் துணியில் நட்சத்திரம், பட்டுக்கூட்டில் மணி

டிசம்பர் பிறந்ததும் கடைகளில் கிறிஸ்துமஸுக்காகப் பளபளவென்று பிளாஸ்டிக் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும். நான் வாங்குவதில்லை. பிளவுஸ் தைக்கும் வீட்டில் மிஞ்சிய லைனிங் துணி, ஆரி வேலையில் மீந்த சமிக்கி, முத்து, லேஸ் என்று ஒரு டப்பா நிறையக் கிடக்கும்போது எதற்கு? உங்கள் வீட்டில் இல்லையென்றால் தெருவில் இருக்கும் டெய்லர் அக்காவிடம் கேளுங்கள், கொட்ட வைத்திருப்பதையே அள்ளிக் கொடுப்பார்.

முதலில் நட்சத்திரம். பழைய மூங்கில் கூடையைப் பிரித்து 60 செ.மீ. நீளத்தில் 10 சிம்பு (மெல்லிய மூங்கில் பட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தைக் கோர்த்து ஒரு நட்சத்திரம், மீதி ஐந்தில் இன்னொன்று. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனை ஐந்தையும் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் உள்ளே சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் 10 செ.மீ. குச்சியை நிறுத்தினால் நட்சத்திரம் உப்பி நிற்கும். குச்சியின் இரண்டு நுனியிலும் கவட்டை மாதிரி சின்னதாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நழுவிக்கொண்டே இருக்கும்.

இனி மேலே ஒட்டும் துணி. இந்த அளவுக்கு ஒரு முக்கோணம் அடியில் 14 செ.மீ., உயரம் 22 செ.மீ., ஒட்டுவதற்குச் சுற்றிலும் 1 செ.மீ. கூடுதல். ஒரு முனைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒல்லியாக இரண்டு. மொத்தம் 20 துண்டுதான், அதனால் துக்கடா துணியே போதும், ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு நிறமாக இருந்தால் விளக்குப் போட்டதும் அதுதான் அழகு. நடுவில் முன்பக்கம் மட்டும் மூடுங்கள், பின்பக்கம் பல்புக்காகத் திறந்தே இருக்கட்டும். மைதாவைக் கூழாகக் காய்ச்சி ஒட்டினால் போதும், ஆனால் சிம்பில் மட்டும் ஒட்டுங்கள், நிறுத்திய குச்சியில் ஒட்டவே கூடாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பல்பு எல்.இ.டி.யாக இருக்கட்டும், பழைய குண்டு பல்பு சூட்டில் துணி கருகும். நம்ம ஊர்ப் பனியில் மைதா பசை இளகிவிடும், தாழ்வாரத்துக்குள்ளேயே தொங்கவிடுங்கள்.

அடுத்து மணி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் யாராவது தெரிந்தவர் இருப்பார்கள். பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது, அதைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளையும் மஞ்சளும் கலந்து கிடைத்தால் சாயமே வேண்டாம். நான் ஒரு வருஷம் சிவப்பாக்குகிறேன் என்று கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டேன், கூட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் பசை வெந்நீரில் கரைந்து எல்லாம் தொளதொளவென்று பஞ்சாகிவிட்டது. நிறம் வேண்டுமென்றால் துணி பெயிண்டைப் பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள்.

துளை இருக்கும் பக்கம் கத்தரியால் நேராக வெட்டி, உள்ளே இருப்பதைத் தட்டிவிட்டு ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள், சோம்பல்பட்டால் எறும்பு வரும். மூடிய பக்கம் ஊசியால் குத்தி ஜரிகை நூலை இறக்கி, நுனியில் ஒரு முத்தைக் கட்டினால் மணியின் நாக்கு ரெடி. வாய் ஓரத்தில் லேஸ். அவ்வளவுதான், ஒரு மணி செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

குச்சி விஷயம்: பண்டிகை முடிந்ததும் பின்பக்க ஓட்டை வழியாகக் கையை விட்டு ஐந்து குச்சியையும் உருவிவிடுங்கள். நட்சத்திரம் தட்டையாகிவிடும், பீரோவுக்குப் பின்னால் சொருகி வைக்கலாம்.