குதிரைக்கு லாரியா, டிரெய்லரா? கணக்கை எடையிலிருந்து தொடங்குங்கள்

"அண்ணா, மகளுக்குக் குதிரை வாங்கிவிட்டோம். இனி லாரி வாங்கலாமா, காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டிக்கொள்ளலாமா?" லண்டனிலும் லெஸ்டரிலும் இருக்கும் நம்மவர்கள் இப்படிக் கேட்டு எனக்குத் தொலைபேசியில் அழைப்பது கூடிக்கொண்டே வருகிறது. கிண்டிப் பந்தயக் குதிரை லாயத்தில் தொழில் கற்று, இப்போது இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் வேலை செய்கிறேன். குதிரையை ஏற்றுவது, இறக்குவது, ஓட்டிக்கொண்டு போவது எல்லாம் என் அன்றாட வேலை. கேட்பவர்கள் எல்லோரும் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் குதிரை எத்தனை கிலோ?

பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. குதிரையின் உயரத்தைச் சொல்கிறார்கள், நிறத்தைச் சொல்கிறார்கள், தாய் தந்தையின் பெயரைக்கூடச் சொல்கிறார்கள். 16 கை (ஒரு கை நான்கு அங்குலம்) உயரமுள்ள குதிரை சாதாரணமாக 500 முதல் 600 கிலோ வரை இருக்கும். 13 கை உயரமுள்ள போனி (குட்டை இனக் குதிரை) 300 கிலோவை ஒட்டி இருக்கும். மார்பைச் சுற்றி அளந்து எடையைக் காட்டும் நாடா தீவனக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. கால்நடை மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அங்குள்ள தராசிலேயே நிறுத்தி, எடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. பிரிட்டனில் இன்று பரவலாக விற்கும் குதிரை லாரி 3.5 டன் வண்டி. வேன் போன்ற முகப்பு, பக்கத்தில் இறங்கும் சாய்தளம், உள்ளே இரண்டு குதிரைக்கான தடுப்பு. சாதாரணக் கார் உரிமம் இருந்தாலே ஓட்டலாம் என்பதால் எல்லோர் கண்ணும் இதன் மேல்தான். விளம்பரத்தில் "இரண்டு குதிரைகளுக்கு" என்று போட்டிருப்பார்கள். இரண்டு குதிரைகள் நிற்க இடம் இருக்கிறது, அது உண்மை. அந்த எடையைச் சட்டப்படி சுமக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3.5 டன் என்பது வண்டி, டீசல், ஆட்கள், குதிரை, சேணம், தண்ணீர் எல்லாம் சேர்ந்த 3,500 கிலோ. வெறும் வண்டி 2,450 கிலோ என்றால் மிச்சம் 1,050. அதில் ஓட்டுநர் 80 கிலோ, பக்கத்தில் உட்காரும் மகள் 55, இரண்டு சேணமும் கடிவாளமும் பெட்டியும் 45, தண்ணீர் 40 லிட்டர், டீசல் 60 கிலோ, புல் வலைகள் 20. இவற்றுக்கே 300 கிலோ போய்விடுகிறது. குதிரைகளுக்கு எஞ்சுவது 750. 580 கிலோ குதிரை ஒன்றை ஏற்றினால் பக்கத்தில் நிறுத்த 170 கிலோதான் பாக்கி. அந்த எடையில் மிகச் சிறிய ஷெட்லாந்து போனிதான் கிடைக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படியொரு வண்டியை நம்பி வாங்கியது. விற்றவர் காட்டிய காகிதத்தில் சுமக்கும் அளவு 1,200 கிலோ என்று இருந்தது. நான் சொன்னதால் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். 1,000 கிலோவைக்கூட எட்டவில்லை. உள்ளே சமையல் மேடை, படுக்கை, கூடுதல் அலமாரி என்று பிறகு பொருத்தியதெல்லாம் எடையைத் தின்றிருந்தது. சாலையில் அதிகாரிகள் மறித்து எடை போட்டுப் பார்த்து, எடை கூடியிருந்தால் அபராதம் மட்டுமல்ல, அதே இடத்தில் வண்டியை முடக்கிவிடலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் குதிரையை இறக்கி எங்கே நிறுத்துவீர்கள்? பிரேக் பிடிக்க ஆகும் தூரமும் டயர் தாங்கும் அளவும் வேறு இருக்கின்றன. முன்பணம் கொடுக்கும் முன் எடை மேடைச் சீட்டைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். 1997 ஜனவரி 1-க்கு முன் பிரிட்டனில் கார் தேர்வில் தேறியவர்களின் உரிமத்தில் சி1 பிரிவும் இருக்கும். அவர்கள் 7.5 டன் லாரியை ஓட்டலாம். 70 வயதில் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்று வேண்டும். அதற்குப் பிறகு தேறியவர்களுக்கு 3.5 டன்னோடு சரி. நம்மவர்களில் பலர் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் வருகிறோம். 7.5 டன் ஓட்ட மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு எல்லாம் முடிக்க வேண்டும். முடிக்கக் கூடியதே. இரண்டு பெரிய குதிரைகளோடு வாரந்தோறும் போட்டிக்குப் போகும் குடும்பம் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம்.

டிரெய்லருக்கோ வழி எளிதாகிவிட்டது. 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் கார் உரிமம் உள்ளவர்கள் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரைத் தனித் தேர்வு இல்லாமல் இழுக்கலாம். தேர்வு போய்விட்டதே தவிர, கற்றுக்கொள்ளும் தேவை போகவில்லை. ஒரு நாள் பயிற்சிக்காவது பணம் கொடுத்துப் போங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். பின்னால் நிற்கும் உயிருக்கு அந்தச் சட்டம் மாறியது தெரியாது.

எடைக் கணக்கில் டிரெய்லர் நிம்மதி தருகிறது. மொத்த எடை 2,600 கிலோ வரை அனுமதிக்கப்பட்ட இரட்டைக் குதிரை டிரெய்லரின் சொந்த எடை ஏறத்தாழ 950 கிலோ இருந்தால், 1,650 கிலோ சுமக்கலாம். 580 கிலோக் குதிரைகள் இரண்டும் சட்டத்துக்குள் அடங்கிவிடும். 3.5 டன் லாரியால் முடியாதது இது. ஆனால் சுமை இப்போது உங்கள் காரின் மேல் வருகிறது. கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது அதன் கையேட்டில் இருக்கும். காரும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை, காரின் உலோகத் தகட்டில் பொறித்திருக்கும். கொக்கியின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடைக்கும் தனி வரம்பு உண்டு. லேண்ட் ரோவர் டிஸ்கவரி போன்ற கனமான வண்டிகளில் 3,500 கிலோ வரை இழுக்கும் மாடல்கள் இருக்கின்றன. பள்ளிக்குப் போய்வர வைத்திருக்கும் குடும்பக் காருக்கு அந்த வலு இருக்காது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் முதலில் அதற்கு இழுக்கும் அனுமதியே உண்டா என்று பாருங்கள், சிலவற்றுக்கு இல்லை. ஆக, டிரெய்லரின் விலையை மட்டும் லாரியின் விலையோடு ஒப்பிடுவது தவறு. கார் மாற்ற வேண்டியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இனி குதிரையின் பக்கம். காகிதக் கணக்கு எப்படி வந்தாலும், எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

டிரெய்லரில் குதிரைகள் பெரும்பாலும் முன்நோக்கி நிற்கும். மார்புக்கு முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி. பிரேக் போடும்போது உடல் முன்னால் சரியாமல் முன்னங்கால்களால் தாங்கிக்கொள்கிறது. சிறிய லாரிகள் பலவற்றில் குதிரை பின்நோக்கி, சற்றுச் சாய்வாக நிற்கிறது. அப்போது பிரேக்கின் வேகத்தைப் பின்பகுதியின் பெரிய தசைகள் வாங்கிக்கொள்கின்றன. டிரெய்லரில் வியர்த்து நடுங்கி இறங்கும் சில குதிரைகள் லாரியில் அமைதியாக வருவதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு நேர்மாறான குதிரைகளும் உண்டு. எனவே வாங்கும் முன், நண்பரிடமோ வாடகைக்கோ இரண்டு வகையையும் எடுத்து, உங்கள் குதிரையை ஏற்றிப் பாருங்கள். ஏறிய பிறகு அது புல்லைத் தின்கிறதா என்று கவனியுங்கள். தின்றால் பயம் குறைவு.

தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு என் வாக்கு லாரிக்கே. ஓட்டும் இருக்கையிலிருந்து குதிரையின் அசைவு கேட்கும், கேமராவில் முகம் தெரியும். ஆனால் உங்களுக்கும் குதிரைக்கும் நடுவே உள்ள சுவர் எதனால் ஆனது என்று கேட்டே தீருங்கள். பயந்த குதிரை முன்னங்கால்களைத் தூக்கி முன்பக்கம் பாய்ந்தால் தாங்கும் உலோகத் தடுப்பு வேண்டும். வெறும் பலகை போதாது.

டிரெய்லரில் ஒற்றைக் குதிரையை ஏற்றினால் வலப்பக்கம், ஓட்டுநருக்குப் பின்னால் நிறுத்துங்கள். இங்கே இடப்பக்கம் ஓட்டுவதாலும் சாலை இட ஓரத்துக்குச் சரிந்திருப்பதாலும் எடை உயர்ந்த பக்கம் இருப்பதே நல்லது. இரண்டு குதிரைகள் என்றால் கனமானது வலப்பக்கம். ஏற்றும்போது பின்கம்பியைப் பூட்டிய பிறகே தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது தலைக்கயிற்றை அவிழ்த்த பிறகே பின்கம்பியை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், பின்னால் வழி திறந்ததும் குதிரை உந்தும், தலை கட்டுண்டு நிற்கும், மிரண்டு விழும். காரோடு மாட்டாத டிரெய்லரில் குதிரையை ஏற்றவே கூடாது.

நீண்ட பயணம் என்றால் இரண்டு வகையிலும் நிறுத்தி நிறுத்திப் போங்கள். தலையைத் தூக்கியபடியே பல மணி நேரம் கட்டிவைத்தால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேற வழியின்றி நுரையீரல் நோய் வரலாம். பந்தய லாயங்களில் இதற்குப் பயப்படாதவர் இல்லை. கயிற்றைத் தளர்த்தி, தலை தாழ்ந்து தண்ணீர் குடிக்க நேரம் கொடுங்கள்.

செலவில் டிரெய்லருக்குப் பல சாதகங்கள். தனிச் சாலை வரி கிடையாது, லாரிக்கு உள்ளது போன்ற கட்டாய ஆண்டுச் சோதனையும் கிடையாது. லண்டன்வாசிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் என்ற மாசுக் கட்டண மண்டலம் லண்டன் முழுவதும் விரிந்துவிட்டது. யூரோ 6 புகைத் தரம் இல்லாத பழைய டீசல் வண்டி 3.5 டன்னுக்குள் இருந்தால் நாளுக்கு 12.50 பவுண்டு; அதற்கு மேற்பட்ட எடைக்குத் தனி மண்டல விதியும் மிகப் பெரிய கட்டணமும். மலிவாகக் கிடைக்கும் பழைய லாரி பலவும் இதனால்தான் மலிவு. டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை. இழுக்கும் கார் தேறினால் போதும்.

சோதனை இல்லை என்பதாலேயே பழைய டிரெய்லரை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். ரப்பர் விரிப்பை முழுவதுமாகத் தூக்கச் சொல்லுங்கள். மரத் தரையாக இருந்தால் ஓரங்களில் திருப்புளியால் குத்திப் பாருங்கள்; உளுத்த தேங்காய்போல உள்வாங்கினால் அங்கிருந்து கிளம்புங்கள். தரை உடைந்து குதிரையின் கால் ஓடும் சாலையில் தேய்ந்த சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. அலுமினியத் தரையிலும் மூத்திரம் அரித்த வெண்பூச்சைத் தேடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. அதிகம் ஓடாமல் நிற்கும் டிரெய்லர்களில் டயர் தேயாமலே வெடித்துப்போகும். லாரியிலும் தரையையும் அடிச்சட்டத் துருவையும் இதே கண்ணோடு பாருங்கள்.

என்னிடம் நேரில் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஏற்கெனவே கனமான கார் இருக்கிறது, மாதம் ஓரிரு முறை பக்கத்து ஊர்ப் பயிற்சிக்குப் போகிறீர்கள் என்றால் டிரெய்லர். ஒரே குதிரை, தனி ஆள், வாரந்தோறும் பயணம் என்றால் 3.5 டன் லாரி. இரண்டு பெரிய குதிரைகளுக்கு நல்ல டிரெய்லர், இல்லாவிட்டால் சி1 எடுத்து 7.5 டன். இரண்டு பெரிய குதிரைகளை 3.5 டன்னில் ஏற்றுவது பற்றி என்னிடம் பேசவே வேண்டாம்.

எதை வாங்கினாலும், சாதாரணக் கார் பழுது உதவித் திட்டம் குதிரையை வேறு வண்டிக்கு மாற்றித் தராது. குதிரைகளுக்கென்றே இருக்கும் திட்டத்தில் சேருங்கள். குதிரையின் பாஸ்போர்ட் பயணத்தில் கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் குதிரையை ஏற்றினால் உரிமமும் காப்பீடும் வேறாகிவிடும். டிரெய்லர் வாங்கியவர்கள் முதல் சில வாரங்கள் குதிரை இல்லாமல், வெறும் வண்டியோடு, யாருமில்லாத வயலில் பின்னோக்கி ஓட்டப் பழகுங்கள். நடுவே பிரிப்பு இல்லாத சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60 மைல், டிரெய்லரோடு போகும்போது இதுதான் உங்கள் உச்ச வேகம். மூன்று தடங்களோ அதற்கு மேலோ உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடம் உங்களுக்கு இல்லை.